நிரந்தர முகவரி

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடற்கரையில் நடந்த படங்கள் வெளியானபோது, நாக்பூரில் எங்கள் குடியிருப்பில் எனக்குத் திடீர் மவுசு வந்தது. எழுபது குடும்பங்களில் அங்கே போய் வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான், அதுவும் ஐந்து வருஷத்துக்கு முன்பே. லிஃப்டில், காய்கறி வண்டி முன்னால், பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும்போது என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "குடும்பத்தோடு போகணும். எங்கே ஆரம்பிக்கிறது?"

தெரிந்த வரையில் சொன்னேன். இந்தியர்களும் நினைத்த மாத்திரத்தில் லட்சத்தீவில் போய் இறங்கிவிட முடியாது. 1967ஆம் வருஷத்து விதிகளின்படி நுழைவு அனுமதி வேண்டும். மே பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கும். அப்போது உல்லாசப் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் போனது 2019 ஜனவரியில், லட்சத்தீவு நிர்வாகத்தின் 'ஸ்போர்ட்ஸ்' என்ற சுற்றுலா அமைப்பு நடத்திய 'சமுத்ரம்' திட்டத்தில். ஐந்து நாள், மூன்று தீவு. பகல் முழுக்கத் தீவில், ராத்திரி கப்பலில். கப்பலும் கட்டணமும் தேதிகளும் மாறிக்கொண்டே இருக்கும் சமாச்சாரம். கிளம்புகிறவர்கள் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் லிஃப்டில் சொல்லிவிடலாம். லிஃப்டில் சொல்ல முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். நான், என் கணவர், அப்போது பதினோரு வயதான மகள், எழுபத்தொரு வயதான என் அம்மா. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை நாக்பூருக்கு அழைத்து வந்திருந்தேன். நாலாவது மாடி. அம்மாவுக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பக்கத்து வீட்டு ஆஜி சிரித்தால் இவளும் சிரிப்பாள், அத்துடன் சரி. காலையில் பால்கனியில் உட்கார்ந்து நாளிதழ் விரித்துக் கீரை ஆய்வாள். மத்தியானம் படுப்பாள். சாயங்காலம் மறுபடி பால்கனி. நான் அலுவலகத்திலிருந்து வந்து "என்னம்மா செஞ்சே?" என்று கேட்டால், "என்ன செய்ய, இருந்தேன்" என்பாள்.

பாளையங்கோட்டை வீட்டுக்கு ஒருவர் விலை பேசியிருந்தார். பெங்களூரில் இருக்கும் அண்ணன் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டான். "உங்க இஷ்டம்பா" என்றாள். அதைச் சம்மதம் என்று நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். பொங்கல் கழிந்து அட்வான்ஸ் வாங்குவதாக ஏற்பாடு. கப்பல் பயணத்தை நான் திட்டமிட்டதில் இந்தக் குற்ற உணர்வுக்கும் பங்குண்டு. வீடு போவதற்குள் அம்மாவுக்கு ஒரு மாறுதல், ஒரு சந்தோஷம்.

அனுமதிக்குக் காவல் நிலையச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். "ஏட்டி, இந்த வயசுல நான் என்ன திருடவா போறேன்?" என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தாள். அங்கிருந்த காவலர் லட்சத்தீவு அந்தமானில்தானே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். இல்லை, மேற்கே, அரபிக்கடலில் என்றேன். நம்பாத மாதிரிதான் எழுத ஆரம்பித்தார். தற்போதைய முகவரி, நாக்பூர். நிரந்தர முகவரி? "அதேதான்" என்றேன் நான். அதுவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, காவலர் உச்சரித்த 'பர்மனென்ட்' என்ற வார்த்தை மட்டும் புரிந்து, "பாளையங்கோட்டை" என்றாள். ஆதார் அட்டையிலும் அதுதானே இருக்கிறது என்று அவர் அதையே எழுதிக்கொண்டார். எனக்கு எரிச்சல். சான்றிதழில் இரண்டு ஊர் இருந்தால் எங்கேயாவது சிக்கல் வருமோ என்ற கவலைதான் அப்போது பெரிதாக இருந்தது.

சிக்கல் எதுவும் வரவில்லை. ரயிலில் எர்ணாகுளம் போய், அங்கிருந்து வில்லிங்டன் தீவு. கொச்சித் துறைமுகத்தின் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. மதராஸ் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு 1920ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரை இங்கே அனுப்பினார். முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த மணல் மேட்டை வெட்டிக் கப்பல்களுக்கு வழி செய்தவர் அவர். தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியதுதான் இந்தத் தீவு. இதை என் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், வரிசையில் எங்களைப் போலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் கையில் முட்டை அட்டைகள், வெங்காய மூட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறை.

உல்லாசக் கப்பல் என்றால் நீச்சல் குளமும் ஆடல் பாடலும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி இது. எம்.வி. கவரத்தி விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய கப்பல். 700 பேர் போகலாம். தீவுக்காரர்களுக்கு அது பஸ். எர்ணாகுளத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்புகிறவர்கள், கேரளத்துக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போய்க் குழந்தையோடு வருகிறவர்கள். அந்த பஸ்ஸில் சில இருக்கைகளை நமக்கு விடுமுறை கழிக்கக் கொடுத்திருக்கிறார்கள். இது புரிந்த பிறகு, காபி ஆறிப்போயிருக்கிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாக் குடும்பத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

எங்களுக்கு நான்கு படுக்கை கொண்ட அறை. அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை. உள்ளே நுழைந்ததும் நான் உத்தரவுகளை ஆரம்பித்துவிட்டேன். தனியாக டெக்குக்குப் போகாதே, படிக்கட்டில் கம்பியைப் பிடி, வழுக்கும், செருப்பை மாற்று, ஸ்வெட்டர் போடு. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கப்பல் கிளம்பி, ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள் இடப் பக்கம் மெல்ல நகர்ந்து, நிலம் ஒரு கோடாகிக் கலைந்தபோது நாங்கள் மூன்று பேரும் மேல் தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அறைக்குத் திரும்பினால் அம்மாவைக் காணவில்லை.

முதல் ஐந்து நிமிஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நடைபாதைகள் எல்லாம் ஒரே மாதிரி. இரும்புக் கதவுகள், படிக்கட்டுகள், மறுபடி நடைபாதை. கடைசியில் கீழ்த்தளத்தில், தீவுக்காரர்கள் பாய் விரித்திருந்த இடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் கேட்கும் குரல். நடுவில் நிறுத்தாமல், கையை ஆட்டி, எதிராளி பதில் சொல்லும் முன்பே "அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்று அடுத்த பேச்சை எடுக்கும் குரல்.

எதிரே கவரத்தியைச் சேர்ந்த ஒரு அம்மாள். கணவருக்குக் கண் ஆபரேஷன் முடித்து அழைத்துப் போகிறார். மினிக்காயைத் தவிர மற்றத் தீவுகளில் பேசுவது மலையாளத்தின் ஒரு பழைய வழக்கு, ஜெசரி என்கிறார்கள். கேரளத்துக்காரர்களே முதலில் தடுமாறுவார்களாம். அம்மா தடுமாறவில்லை. அவர் அவருடைய பாஷையில் பேச, அம்மா திருநெல்வேலித் தமிழில் பேச, நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். தேங்காயைப் பற்றி, கருவாட்டைப் பற்றி, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நேரத்தைப் பற்றி. ஹிந்தி அரைகுறையாகவும் மராத்தி நன்றாகவும் பேசும் எனக்குத்தான் பாதி விளங்கவில்லை.

நான் எழுந்து வரச் சொன்னதும் அம்மா வந்தாள். வரும் வழியில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "அங்கல்லாம் வீடு பொம்பளைப் பேர்லதானாம். புருஷன்தான் வந்து போவானாம்." முஸ்லிம் சமூகமாக இருந்தும் தாய்வழிச் சொத்து முறை நீடித்த தீவுகள் அவை. பெண் தன் தாய்வீட்டிலேயே இருப்பதும் கணவன் அங்கே வந்து போவதும் பழைய வழக்கம். நான் இதைப் புத்தகத்தில் படித்து வைத்திருந்தேன். அம்மா கப்பல் ஏறி மூன்று மணி நேரத்தில் தெரிந்துகொண்டுவிட்டாள்.

ராத்திரி கடல் கொஞ்சம் புரட்டியது. அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து பிளாஸ்டிக் பையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பைகள் எனக்குத்தான் உபயோகப்பட்டன. இதில் ஒரு நடைமுறை விஷயம். ஆவோமின் மாதிரி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. முடிந்தால் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூடிய அறையில் படுத்துக்கொண்டு மேல் படுக்கையின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போலத் தவறான காரியம் வேறில்லை. நான் விடிய விடிய அதைத்தான் செய்தேன். அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மகள் இதில் எதுவும் தெரியாமல் தூங்கினாள்.

காலையில் கவரத்தி. கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். இந்தப் பயணத்தின் உண்மையான ஆரம்பம் துறைமுகத்தில் இல்லை; இங்கேதான் இருக்கிறது. இந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வேலி. வேலிக்கு உள்ளே லகூன் என்று சொல்லும் ஆழமில்லாத அமைதியான நீர். பெரிய கப்பல் அதற்குள் நுழைய முடியாது. அன்று எங்கள் கப்பல் வெளியே ஆழ்கடலில் நின்றது. மோட்டார் படகுகள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. கப்பலின் வயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவைத் திறந்தார்கள். அதன் வழியாகப் படகில் இறங்க வேண்டும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. நேரில், கதவுக்கு வெளியே படகு ஒரு நிமிஷம் உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அடுத்த நிமிஷம் ஆள் உயரத்துக்குக் கீழே போய்விடுகிறது. நடுவில் கறுநீலமாகத் தண்ணீர் வாயைத் திறந்து மூடுகிறது. கதவில் இரண்டு பேர், படகில் இரண்டு பேர். மேலே இருப்பவர்கள் தோளைப் பிடித்து, படகு அலையின் உச்சிக்கு வரும் கணத்தில் 'இப்போது' என்று சொல்லி விடுகிறார்கள். கீழே இருப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். தீவுக்காரர்கள் கைக்குழந்தையோடு, மூட்டையோடு, பேச்சை நிறுத்தாமல் இறங்கிப் போனார்கள். கண் கட்டோடு அந்தக் கணவரும் இறங்கினார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து வரிசையிலிருந்து விலக்கினேன். "நீ கப்பல்லயே இரு. சாயங்காலம் வந்துடுவோம். சாப்பாடெல்லாம் கொடுப்பாங்க." வயதானவர்கள் விரும்பினால் கப்பலில் தங்கலாம் என்று முதல் நாளே அறிவித்திருந்தார்கள். என் கணவர், "அத்தை, வேணும்னா நான் துணைக்கு இருக்கேன்" என்றார். நல்ல மனுஷர்.

அம்மா லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, விழுந்து கிழுந்து வச்சா இங்க ஒரு நல்ல ஆஸ்பத்திரி கூடக் கிடையாது" என்றேன். ஒரு தீவுக்காரப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கவரத்தியில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

கதவருகே நின்ற இளைஞனுக்கு எங்கள் தகராறில் அக்கறை இல்லை. படகு காத்திருந்தது. என்னைத் தாண்டி அம்மாவிடம் கையை நீட்டி, "அம்மே, வருன்னோ?" என்றான்.

"வாரேன் ராசா" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "அந்தப் பையன் என்கிட்ட கேட்டாம் பாத்தியா? நீ எதையாவது என்கிட்ட கேட்டியா?" என்றாள்.

அவ்வளவுதான். படகு மேலே வந்தது. அம்மா கால் வைத்தாள். அடுத்து இறங்க வேண்டிய நான் தயங்கி, படகு கீழே போகும்போது காலை நீட்டி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். ஒரு வாரம் அந்தக் காயம் இருந்தது.

பாறை வேலியின் இடைவெளி வழியாகப் படகு உள்ளே நுழைந்ததும் ஆட்டம் சட்டென்று நின்றுவிடுகிறது. தண்ணீர் கறுநீலத்திலிருந்து பச்சையாகி, பிறகு எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒன்றாகிறது. அடியில் மணல் தெரிகிறது. என் மகள் "பாட்டி, நீச்சே தேகோ!" என்று கத்தினாள். பாட்டி ஏற்கெனவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவரத்தியில் அம்மா முதலில் கேட்டது, "தண்ணிக்கு என்ன பண்ணுதாங்க?" தாமிரபரணிக்கரைக்காரிக்கு வேறென்ன கேள்வி தோன்றும்? 36 தீவுகளையும் சேர்த்தால் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். ஜனங்கள் வசிப்பது பத்துத் தீவுகளில். 2011 கணக்கெடுப்பில் 64 ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆறு கிடையாது, மலை கிடையாது. பெய்கிற மழை பவள மணலுக்குள் இறங்கி, உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்றில் அதைத்தான் இறைக்கிறார்கள். அதிகமாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். கப்பலில் தூங்க வைத்து, பகலில் மட்டும் தீவுக்குக் கூட்டி வரும் ஏற்பாட்டின் நியாயம் இதில் இருக்கிறது. எத்தனை விருந்தாளிகளின் குளியலை அந்தப் படலம் தாங்கும்?

இங்கே 2005ல் ஒரு கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் அமைத்தார்கள். அமைத்தவர்கள் நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தினர். மேற்பரப்பு நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்து நீர் ஜில்லென்று இருக்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்த கலத்தில் மேல் நீரை ஆவியாக்கி, ஆழத்து நீரின் குளிரால் அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் என்பது அதன் திட்டம். பிற்பாடு மினிக்காயிலும் அகத்தியிலும் இதே முறையில் அமைத்தார்கள். அம்மா இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுக் கிணத்துல இப்போ தண்ணி எப்படிக் கிடக்கோ" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

மற்ற நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுலாக் கையேடுகளில் இருக்கிறது. கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகில் மீன் பார்த்தோம். கவரத்தியில் உஜ்ரா மசூதியின் மரச்செதுக்கலைப் பார்த்தோம். கல்பேனியில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நாள் முழுக்கக் கிடந்தோம். மினிக்காய் மட்டும் வேறு உலகம். ஒன்பது டிகிரிக் கால்வாய் என்ற பெரிய கடல் இடைவெளி அதை மற்றத் தீவுகளிலிருந்து பிரிக்கிறது. அங்கே பேசுவது மகல், மாலத்தீவு பாஷை. எழுத்து வலமிருந்து இடமாகப் போகிறது. அம்மாவின் திருநெல்வேலித் தமிழ் அங்கே செல்லுபடியாகவில்லை. அதனால் அவள் சோர்ந்துபோகவும் இல்லை. 1885ல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் கீழே உட்கார்ந்து, எங்களை மேலே அனுப்பிவிட்டு, சூரை மாசி விற்றவரிடம் விரல்களாலேயே பேரம் பேசி அரைக் கிலோ வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் அந்தக் கதவு வழியாக ஏறி இறங்கினோம். மூன்றாம் நாளிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை.

கொச்சிக்குத் திரும்பும் ராத்திரி, மேல் தளத்தில் அம்மா சொன்னாள்: "வீட்டை விக்க வேண்டாம். நான் அங்க போயி இருக்கேன்."

தனியாகவா, முட்டி வலி, மாத்திரை, ராத்திரி ஒன்றென்றால் யார் என்று வழக்கமான பட்டியல் என் நாக்கு நுனி வரை வந்தது. "அண்ணன் அட்வான்ஸ் தேதி கூடச் சொல்லிட்டாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"தேதிதானே சொல்லியிருக்கான். கையெழுத்து நான்லா போடணும்."

வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. அப்பா வாங்கும்போதே அப்படித்தான் வாங்கினார். அது எனக்கு நினைவில்லாமல் இல்லை. பத்திரத்தில் இருக்கும் ஒரு பெயராக மட்டும் அதை நினைத்திருந்தேன்.

எர்ணாகுளத்தில் இறங்கியதும் அண்ணனுக்குப் போன் செய்தேன். அம்மாவைக் கப்பலில் ஏற்றி என்னத்தைச் சொல்லிக் கொடுத்தாய் என்று என்னைத்தான் திட்டினான். மூன்று மாதம் எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. என் கணவர் நாக்பூர் டிக்கெட்டில் இரண்டை ரத்து செய்ய வரிசையில் போய் நின்றார். நான் அம்மாவுடன் திருநெல்வேலி போய்ப் பத்து நாள் இருந்தேன். வீடு முழுக்கத் தூசி, குளியலறையில் பல்லி. கிணற்றில் தண்ணீர் இருந்தது.

அம்மா இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். 2022ல் ஒரு தடவை வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் ரயிலில் நான் தூங்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். நாக்பூருக்கு வந்துவிடு என்று அப்போது கேட்டேன். ஆம், இந்தத் தடவை கேட்டேன். வரவில்லை என்றாள்.

2024ல் லிஃப்டில் எல்லாரும் என்னை மொய்த்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன். எல்லாரும் லட்சத்தீவு கிளம்புகிறார்களாம், என்ன சொல்லட்டும் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"மாத்திரையை முன்னாடியே போட்டுக்கிடச் சொல்லு" என்றாள்.